யாருக்கும் சொல்லாத பெயர்

“உன் குழந்தைக்கு இந்தப் பேரை யாரும்மா சொன்னது?”

தடுப்பூசி அட்டையின் மேல் குமாஸ்தாவின் பேனா அந்தரத்தில் நின்றது.

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் கிடையாது. யார் தலையில் அடித்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். தன் பிள்ளைக்கென்று ஒளித்து வைத்திருந்த அந்தப் பெயரை அவர் ஓர் ஈ காக்கையிடம்கூடச் சொன்னதில்லை.

“யாரும் சொல்லலை சார். எங்கேயோ காதில விழுந்துச்சு, அப்படியே மனசில ஒட்டிக்கிச்சு,” என்றாள் அந்தத் தாய்.

“எங்கேயோன்னா? கடையிலயா, பஸ்லயா?”

“புள்ளை பெத்ததிலிருந்து என் பேரே எனக்கு நினைவில்லை. எங்க கேட்டேன்னா நான் என்னத்தைச் சொல்ல? ஊசி போடுவீங்களா, மாட்டீங்களா?”

அடுத்து வந்தவள் ஒரு டீச்சர். அவள் குழந்தைக்கும் அதே பெயர். அதற்கடுத்தவளுக்கு இரட்டைக் குழந்தைகள். ஒன்றுக்கு அதே பெயர். மற்றதற்கு அதே பெயரை வால் நறுக்கி வைத்திருந்தாள்.

குமாஸ்தா அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தார்.

அந்த மகப்பேறு ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாகப் பிள்ளைகளின் பெயரை எழுதி எழுதி அவர் விரல் காய்த்துப் போயிருந்தது. ஒரு பெயர் பிரபலமானால் போதும், ஒரே நாளில் ஒன்பது அட்டை. ஒரு தாய் தன் பிள்ளையை அதட்டினால் நாலு பிள்ளைகள் அழும். ‘எனக்கென்று ஒன்று பிறந்தால், அதைக் கூப்பிடும்போது இன்னொரு தலை திரும்பக்கூடாது’ என்று அன்றே முடிவு செய்தவர்.

மனைவி உண்டான மூன்றாம் மாதமே பெயர் கிடைத்துவிட்டது. உலகத்திலேயே இல்லாத பெயர். ஒரு தாளில் எழுதி, எட்டாக மடித்து, பீரோவின் உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். மனைவி கெஞ்சியும் காட்டவில்லை.

“பெத்துக்கப் போறவ எனக்கே தெரியக்கூடாதா?”

“நீ உங்கம்மாகிட்ட சொல்லுவே. உங்கம்மா ஊருக்கே சொல்லுவாங்க.”

“சரி, அப்படியே இருக்கட்டும். ஆனா நீங்க கட்டிக்காக்கற அந்தப் பேரு இந்த ஊர்ல வேற ஒரே ஒரு புள்ளைக்கு இருந்தாலும், எங்கம்மா பேருதான் வைக்கணும். சம்மதமா?”

சிரித்துக்கொண்டே கையில் அடித்துக் கொடுத்தார். பெண் பிறந்தது. நாளைக்குப் பதிவு அலுவலகத்தில் பெயர் கொடுத்தாக வேண்டும்.

இன்று மதியத்துக்குள் அந்தப் பெயரில் மொத்தம் பதினோரு அட்டைகள். ஊசி போடும் அறைக்குள் ஓடினார்.

“சிஸ்டர், என் பேரை எவனோ திருடிட்டான்!”

“உங்க பேரையா அண்ணே?”

“என் பொண்ணுக்கு வச்சிருந்த பேரை!”

“அப்படி என்ன பேரு அது?”

“சொல்ல மாட்டேன்.”

“நல்லா இருக்கே! பதினோரு அட்டையில எழுதிட்டு எங்கிட்ட மட்டும் ரகசியமா?” நர்ஸ் ஊசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். “தூக்கத்தில உளறியிருப்பீங்க.”

“உளறினாலும் என் பெண்டாட்டிக்குத்தானே கேட்டிருக்கும்? ஊர்ப் பொம்பளைங்க பதினோரு பேருக்கு எப்படிக் கேட்கும்?”

“அதை நீங்கதான் அண்ணே சொல்லணும்,” என்றாள் நர்ஸ், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்தார். தாள் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. எட்டு மடிப்பும் கலையவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

“ஏங்க, காகிதத்தை ஏன் மோந்து பார்க்கறீங்க?” மடியில் குழந்தையோடு மனைவி கேட்டாள்.

“பேரு வெளியில போயிடுச்சு.”

“நல்ல வேளை, எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா என் தலையில கட்டியிருப்பீங்க. எத்தனை புள்ளைக்கு?”

“பதினொண்ணு.” பொய் சொல்ல வராத மனிதர். “ஒண்ணுக்கு முழுசா வைக்கலை. அதையும் சேர்த்தா பதினொண்ணரை.”

சமையலறையிலிருந்து மாமியார் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“என் பேரு எதுக்கு மாப்பிள்ளை? நான் வேண்டாம்னுதான் சொன்னேன்.”

“எப்ப சொன்னீங்க அத்தை?”

“இனிமே சொல்லலாம்னு இருந்தேன்.”

குமாஸ்தா மனைவி பக்கம் குனிந்தார். “யோசிச்சுப் பாரும்மா. நாளைக்கு இவ அடம் பிடிச்சா நான் எப்படி அதட்டுவேன்? உங்கம்மா பேரைச் சொல்லி ‘வாயை மூடு’ன்னு கத்தினா அப்புறம் எனக்கு இந்த வீட்டில தட்டில சோறு விழுமா?”

“பழகிக்குவீங்க.”

மறுநாள் பதிவு அலுவலகத்தில் மாமியாரின் பெயரைத் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். படியிறங்கும்போதும் தலையைப் பிய்த்துக்கொண்டார். சொல்லவில்லை, எழுதிக் காட்டவில்லை, சாவி இடுப்பைவிட்டு இறங்கவில்லை. பிறகு எப்படி?

அவர் யாரிடமும் சொல்லவில்லைதான். அந்தப் பெயரில் வேறு ஆள் இல்லையே என்று சரிபார்க்க, அந்த ஆறு மாதமும் தினமும் காலையில், நூறு கர்ப்பிணிகள் உட்கார்ந்திருக்கும் கூடத்தில், பரிசோதனைக்குக் கூப்பிடும் பெயர்களோடு பெயராக அதையும் மூன்று முறை உரக்கக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, யாரும் எழுந்து வரவில்லை என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார், அவ்வளவுதான்.