டாக்டர் உள்ளே இருக்கிறார்

"டாக்டர் உள்ள இருக்காராம்மா?" என்று இருமிக்கொண்டே கேட்டார் பெரியவர்.

"உள்ளதான் இருக்கார்," என்றாள் டாக்டரின் மனைவி.

"எப்ப வெளிய வருவார்?"

"அதுக்குத்தான் நானும் காத்துக்கிட்டிருக்கேன்."

பெரியவர் கதவைத் தள்ளிப் பார்த்தார். அறையில் நாற்காலி மட்டும்தான் இருந்தது.

"யாருமே இல்லையேம்மா!"

"இங்க இல்லீங்க ஐயா. விசா முடிஞ்சவங்களை அடைச்சு வைக்கிற முகாமுக்கு உள்ள இருக்கார். அவரோட சர்க்கரை மாத்திரையைக் கொண்டுபோனேன். டாக்டர் சீட்டு இல்லாம வாங்க மாட்டோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

"அவரே டாக்டராச்சே! எழுதிக் குடுத்துட மாட்டாரா?"

"உள்ள பேனா வச்சுக்கக் கூடாதாம்."

பெரியவர் இருமலை அடக்கிக்கொண்டு திரும்பினார். "இனி வந்து தொந்தரவு பண்ண மாட்டேம்மா."

"தினம் வாங்க ஐயா. யாராவது 'டாக்டர் இருக்காரா'ன்னு கேட்டாத்தான், அவர் இருக்கற மாதிரி இருக்கு."