இருநூற்றுப் பதின்மூன்றாவது வரி

இப்பத்தைய ஆக்கள் செத்தவையின்ர கணக்கையும் கொம்பியூட்டரிட்டத்தான் கேக்கினம்.

மார்கழிப் பூசையில வாசிக்கிறதுக்கு, சுனாமியில போன எங்கட மாதா கோயில் பங்கு ஆக்களின்ர பட்டியலைக் கலிஸ்ரா ரீச்சர் கொம்பியூட்டரின்ர புது எழுத்துமுறைக்கு மாத்தினா. என்ர மகன் டினோஜன் 2005இல பழைய எழுத்தில அடிச்சு, சீடியில பதிஞ்சு குடுத்த பட்டியல். இருநூற்றுப் பன்னிரண்டு பேர். 2009இல, கடைசிச் சண்டையில அவனும் காணாமல் போனான். அவன்ர பேரை நான் எந்தப் பூசைக்கும் குடுக்கேல்லை.

ரீச்சரின்ர புரோகிராம் முழுப் பட்டியலையும் ஒரே கட்டமாய் எடுத்து, ஒவ்வொரு எழுத்தின்ர பழைய இலக்கத்தையும் யூனிகோட் இலக்கமாய் மாத்துமாம்.

"ஐயா, இருநூற்றுப் பதின்மூண்டு வரி வருது," எண்டா.

கடைசி வரியில டினோஜன்ர பேர்.

"நீர்தான் அடிச்சிருப்பீர்."

"இல்லை ஐயா. மற்றதெல்லாம் பழைய இலக்கம். இது மட்டும் சீடியிலேயே யூனிகோட்டிலதான் கிடக்கு. அந்த சீடியில ஆரும் திருப்பி எழுதேலாது."

"அந்த வரியை அழியும் பிள்ளை."

அழிச்சா. வரி போயிட்டுது. எண்ணச் சொன்னன். இருநூற்றுப் பதின்மூண்டு.

"கண்ணாடியைத் துடைச்சுப்போட்டு எண்ணும்."

துடைச்சா. அதே இலக்கம்.

"இந்தமுறை அவன்ர பேரையும் வாசிக்கட்டே ஐயா?" எண்டு கேட்டா. "அவனே தந்தமாதிரிக் கிடக்கு."

வாசிச்சால் அவன் செத்தவன். பிறகு நான் ஆரைத் தேடுறது?

"செத்திட்டானெண்டால் அவனே நேரில வந்து சொல்லட்டும்," எண்டுபோட்டு நான் சைக்கிளை எடுத்தன்.