நெட் கார்டைக் காணோம்

"இன்னிக்கு சரியாயிடுமா, தம்பி?"

கதவோரம் நின்று தவிப்போடு கேட்டாள் அண்ணி. "இன்னிக்கு விடறதா இல்ல அண்ணி" என்று லேப்டாப்பை இழுத்துக்கொண்டான் தம்பி.

வெளியிலிருந்து தான் அனுப்பும் மெசேஜைக் காட்ட அண்ணன் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த கையகலக் கம்ப்யூட்டர் இப்போது இல்லை. அண்ணனின் விபத்துச் செய்தி வந்த அந்தச் சாயங்காலம், வீட்டில் கூடிய கூட்டத்தில் யாரோ போனுக்குச் சார்ஜ் போடுகிறேன் என்று அதன் பிளக்கைப் பிடுங்க, கீழே விழுந்து உடைந்தது. மெமரி கார்டு மட்டும் மிஞ்சியது. அதை வைத்து லேப்டாப்புக்குள்ளேயே அதே மாதிரி ஓடும் ஒரு பொய் மெஷினை, வெறும் சாஃப்ட்வேரில், உண்டாக்கியிருந்தான் தம்பி.

மெஷின் எழுந்தது. அண்ணன் வழியிலிருந்து கடைசியாக அனுப்பிய வரி திரையில் வந்து நின்றது. 'கிளம்பிட்டேன். இருபது நிமிஷத்துல வீட்டுல.'

தம்பி அதைப் பார்க்காத மாதிரி திரையில் வேறு ஜன்னலைத் திறந்தான்.

நெட் வரவில்லை.

"நேத்தே வந்திருக்கணும் அண்ணி. முதல்ல இருந்த நெட் கார்டை ஓட்டற டிரைவர் புரோகிராம் இதுல இல்ல. அதனால இதுக்குத் தெரிஞ்ச கார்டா மாத்தி வெச்சுட்டுத்தானே போனேன்?"

"எனக்கே பாடம் எடுக்கறீங்களா?" அண்ணி டீயை வைத்தாள். அவளுக்கும் அதே தொழில்தான். ஆபீஸில் அண்ணனின் புரோகிராமில் குற்றம் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே கல்யாணம் வரை கொண்டுவந்தவள்.

"நெட் வந்தாத்தான் இதுக்கு முழு உயிர். இப்ப மணிகூடத் தெரியாம முழிக்குது. இதுக்குள்ள கடிகாரம் கிடையாது. நெட்டைக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்கும். கேக்க முடியலைன்னா அணைஞ்ச நேரத்துலயே நிக்கும்."

"உங்க அண்ணனும் வாட்ச் கட்ட மாட்டார். என்னைத்தான் மணி கேப்பார்."

தம்பி சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை.

பிசிஐ பட்டியலை எடுத்தான். மெஷினில் செருகியிருக்கும் கார்டெல்லாம் அதில் தெரியும். டிஸ்க் இருந்தது, டிஸ்ப்ளே இருந்தது. நெட் கார்டு இல்லவே இல்லை.

கோளாறு என்றால் பெயராவது வந்திருக்கும். இது செருகாத கார்டு.

ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு வரி எழுதி மெஷினைக் கிளப்பும் ஸ்கிரிப்டைத் திறந்தான். நேற்று அவன் எழுதிய நெட் கார்டு வரியைக் காணோம்.

"யாரோ கை வெச்சிருக்காங்க அண்ணி. பாப்பா விளையாடிட்டாளா?"

"பாப்பா பாஸ்வேர்டு போட்டுத் திறந்து, சரியா அந்த ஒரு வரியை மட்டும் அழிச்சாளாக்கும்."

"அப்ப தானா அழியுமா?" முணுமுணுத்தபடி வரியைத் திரும்ப எழுதினான். மெஷினை அணைத்து மறுபடி கிளப்ப விரலை வைத்தான்.

அவன் மணிக்கட்டை அண்ணியின் கை பிடித்தது. சில்லென்றிருந்தது.

"நெட் வந்ததும் இது முதல்ல என்ன பண்ணும்?"

"தேதி, மணி கேக்கும்."

"அப்புறம்?"

"நாள் மாறியிருந்தா பழைய மெசேஜை அழி..." தம்பி திரையில் அண்ணனின் வரியைத் திரும்பிப் பார்த்தான். அப்படி எழுதி வைத்தது அண்ணனேதான்.

"வரியை எடுத்தது நான்தான்" என்றாள் அண்ணி. "நேத்து மட்டும் இல்ல. அதுக்கு முந்தி டிரைவர் இல்லாத கார்டா மாத்தினதும்."

அவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். "அந்த மெசேஜைத் தனியா எடுத்துத் தரேன் அண்ணி. அழியாது."

"அது என் போன்லயும்தான் இருக்கு, தம்பி." திரையை அவள் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இதோட கணக்குல மட்டும்தான் அவர் இன்னும் வந்துக்கிட்டிருக்கார்."