ஸ்பேருக்கு ஒரு ஆல்ட்டோ

ஊதியதுமே தெரிந்துவிட்டது, நல்ல பீஸ்தான்.

சாக்ஸபோனின் மேல் பூச்சு உதிர்ந்து பித்தளை கறுத்திருந்தது. கழுத்துக்குக் கீழே ஒரு சொட்டை. அதனால்தான் விலை மலிவு. ஆனால் திருப்பதியில் பழைய வாத்தியம் வாங்கி விற்கும் நாகபூஷணம் விவரமான ஆள். மூடிகளுக்கு அடியில் ஒட்டும் தோல் பேடுகள் எல்லாவற்றையும் புதிதாக மாற்றி வைத்திருந்தார். அடி ஸ்வரம் வரைக்கும் எந்தத் தகராறும் இல்லாமல் இறங்கியது.

"ஸ்பேருக்குத்தான, இது போதும்," என்றார் தனராஜ் மாஸ்டர். சித்தூரில் எங்கள் பேண்டு செட்டுக்கு அவர்தான் முதலாளி.

பங்களாதேஷ் சண்டை நடந்த வருஷத்திலிருந்து அந்த செட்டில் ஆல்ட்டோ சாக்ஸபோன் என்றால் நான்தான். மாப்பிள்ளை ஊர்வலத்தில் மாஸ்டருக்குப் பின்னால் முதல் ஆள். சிவப்புக் கோட்டில் எனக்கு மட்டும் இரட்டை ஜரிகை. பெருமை பேசுகிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேர் வேண்டும் என்று கேட்டதும் நான்தான்.

என் பழைய சாக்ஸில் ஒரு மூடி, ஈரம் பட்டால் ஒட்டிக்கொள்ளும். சுண்டுவிரலால் கீயை அமுக்கினாலும் திறக்காது. அதனால் அந்த ஸ்வரம் வருவதற்கு முன்னால் வலது ஆள்காட்டி விரலை நீட்டி மூடியை ஒரு தட்டு தட்டிவிடுவேன். கைக்குப் பழகிவிட்டது. ஆனால் வரதய்யபாளையம் கல்யாணத்தில் பெய்த மழைக்குத் தட்டியும் திறக்கவில்லை. ஊர்வலம் முழுக்க அபஸ்வரம். மானம் போயிற்று.

கடையில் நான் அதிகம் ஊதவில்லை. மேல் முன்பல் ஆடிக்கொண்டிருந்தது.

மேல்பல்லை மவுத்பீஸ் மேல் ஊன்றித்தான் சாக்ஸபோன் ஊத வேண்டும். பல் போனால் பிழைப்பும் போயிற்று. இதை ஒரே ஒருவனிடம்தான் சொல்லியிருந்தேன். என் தங்கை கிருபாவதியின் புருஷன் இயேசுதாசன். செட்டில் கிளாரினெட் வாசிப்பவன்.

யாரிடமும் மூச்சு விட மாட்டேன் என்று பைபிள் மேல் கை வைக்காத குறையாகச் சொன்னான்.

மழை தொடங்கினால் என் வீட்டு ஓடு ஒழுகும். அதனால் அந்த மழைக்காலம் முழுக்க என் சாக்ஸ் பெட்டியோடு அவன் வீட்டில்தான் இருந்தது. ஊர்வலம் இருந்தால் போய் எடுத்துக்கொள்வேன். மவுத்பீஸில் கட்டும் நாணல் ரீடு ஏன் இவ்வளவு சீக்கிரம் செத்துப்போகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கிருபாவிடம் புலம்பினேன்.

"பொட்டிய யாரும் தொடறதே இல்லண்ணா," என்றாள்.

சரி, சரக்கே மட்டம் என்று ரீடு விற்றவனைத் திட்டித் தீர்த்தேன். பாவம் அவன்.

கடையில் மாஸ்டர், எங்களோடு வந்திருந்த இயேசுதாசனைப் பார்த்து, நீயும் கொஞ்சம் ஊதிப் பார் என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கிளாரினெட் பிடித்த வாய்க்கு இது லேசில் அடங்காது, கீச்சென்று கத்தும். வேடிக்கை பார்க்கலாம் என்று நானே பெல்ட்டை அவன் கழுத்தில் மாட்டினேன். ஆள் என்னைவிடக் குள்ளம். பெல்ட்டை இழுத்து அவன் உயரத்துக்குச் சுருக்கியும் விட்டேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மாப்பிள்ளை அழைப்புக்கு நாங்கள் வாசிக்கும் மார்ச்சை எடுத்தான். கிளாரினெட் பாகம் இல்லை, என் பாகம். நான் மூச்சு எடுக்கிற இடத்தில் மூச்சு எடுத்தான். நான் இழுக்கிற இடத்தில் இழுத்தான்.

முதலில் சந்தோஷம்தான் பட்டேன், சத்தியமாக. நம்ம வீட்டு ஆள் எங்கேயோ கற்றுக்கொண்டிருக்கிறானே என்று.

அப்புறம் அந்த இடம் வந்தது. அவன் வலது ஆள்காட்டி விரல் நீண்டு, மூடியை ஒரு தட்டு தட்டியது.

அடுத்த சுற்றிலும் தட்டியது.

"எந்துக்கு சார் தட்றீங்க? கொத்த பேடு, புதுசு. ஒட்டவே ஒட்டாது," என்றார் நாகபூஷணம்.

இயேசுதாசன் வாசிப்பை நிறுத்தினான். விரல் மட்டும் மூடி மேலேயே இருந்தது.

மழைக்காலம் முழுக்க. என் சாக்ஸ், என் ரீடு. அடுப்படியில் என் தங்கை குழம்பு கொதிக்க வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். மாஸ்டருக்காவது இது தெரிந்திருக்காது என்று அவர் பக்கம் திரும்பினேன்.

அவர் தெருவில் போகும் திருமலை பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மனசுல வச்சிக்காத இன்பசேகரா. உன் பல்லு போற வரிக்கும் காத்துகினு இருக்க முடியுமா? சீசன் வருதுல்ல."

பல்லைப் பற்றி அவரிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

நாகபூஷணத்துக்குத் தன் சரக்கைப் பற்றித்தான் கவலை. சாக்ஸபோனை வாங்கி அந்தக் கீயை நாலைந்து முறை அமுக்கிப் பார்த்தார். மூடி அழகாகத் திறந்து அழகாக மூடியது. எங்கே குறை என்று என்னையே கேட்டார். மூன்று பேரில் வாத்தியம் தெரிந்தவன் நான்தான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

"உன் பீஸுல ஒரு குறையும் இல்லபா," என்றேன். "மச்சான் என்னுதுல கத்துகினாரு. அதான் கை அங்க போவுது."