மயக்கத்தில் சொன்னது

“காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி கிடையாது. எல்லாம் உன்னாலதான்!”

தல்-ஹோ போட்ட சத்தத்தில் பரிசோதனைக் கூடமே திரும்பிப் பார்த்தது.

அவர் மனைவி இன்-சுக் அசரவில்லை. “நாலு மாசக் குழந்தையா இருந்தப்பவே நம்ம பேத்தியை அரசாங்கப் பரிசோதனைக்குக் கூப்பிட்டாங்க. அதுகூட இப்படி அழலை. உங்களை நாற்பது வயசுலயும் நான்தான் இங்கே இழுத்துட்டு வந்தேன், அறுபத்தாறுலயும் நான்தான்.”

செவிலி வந்தாள். “ஐயா, இந்த வயசுக்கு ஞாபகசக்தியும் பார்க்கணும். மறதி உண்டா?”

“இல்லை.”

“கல்யாண நாள் மட்டும் மறந்துடும்” என்றாள் இன்-சுக். பக்கத்துப் பெண்கள் சிரித்தார்கள். தல்-ஹோ முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பூசான் நகரத்து ஆண்களே பேச்சில் சிக்கனம். டாக்ஸி ஓட்டும் இந்த மனுஷர் அதிலும் கஞ்சன். வீட்டுக்கு வந்தால் “சூப்புல உப்பில்லை” என்பதோடு சரி. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த இன்-சுக், ஜின்ஜூ ஊரில் தங்கை நடத்தும் தொடுகறிக் கடைக்கே போய்விடுவதென்று முடிவெடுத்துவிட்டாள். நாளைக் காலை பஸ். சொன்னபோது டி.வி.யைப் பார்த்தபடி, “உன் இஷ்டம்” என்றார். அவ்வளவுதான்.

இன்று இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்கிறார்கள். மயக்க ஊசி போட்டால் துணைக்கு ஆள் வேண்டும். இந்த ஒரு வேலை முடியட்டும் என்றுதான் அவள் இருந்தாள்.

திரைக்குப் பின்னால் மயக்கம் தெளியாத யாரோ, “எங்க மேனேஜர் ஒரு கழுதை!” என்று கத்தினார். கூடம் சிரிப்பில் குலுங்கியது.

“ஊசி போட்டா உள்ளே இருக்கிறதெல்லாம் வெளியே வந்துடும். உங்க வீட்டுக்காரர் என்ன உளறப் போறாரோ!” என்றாள் பக்கத்து நாற்காலிப் பெண்.

“இவரா? மயக்கத்துலகூட முத்து உதிர்ந்துடும்னு வாயை மூடிக்குவார்.”

தல்-ஹோ உள்ளே போனார்.

சற்று நேரத்தில் செவிலி கூப்பிட்டாள். “வயித்துல ஒரு குறையும் இல்லைம்மா. படுத்திருக்கார், போய்ப் பாருங்க.”

கண்களை மூடிக் கிடந்தார். அவள் போர்வையை இழுத்துவிட்டபோது உதடு அசைந்தது.

“இன்-சுக்... போகாதே.”

அவள் கை அப்படியே நின்றது.

“சூப்புல உப்பு சரியாத்தான் இருக்கும். வேற என்ன பேசறதுன்னு தெரியாம அதையே சொல்லிட்டிருந்தேன். ராத்திரியில உனக்கு முட்டி வலிக்குது. தெரியும். ஒரு நாளும் கேட்கலை. என் தப்புதான். நீ போயிட்டா அந்த வீட்டுல எனக்கு என்ன இருக்கு?”

இன்-சுக்குக்கு அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. பாவி மனுஷன், இத்தனையையும் உள்ளேயே வைத்துக்கொண்டா இருந்தார்! இதைச் சொல்ல ஊசியா வேண்டியிருந்தது?

வெளியே வந்து தங்கைக்கு போன் போட்டாள். “நாளைக்கு நான் வரலைடி... ஒண்ணுமில்லை. அவருக்கு மயக்க ஊசி போட்டிருக்கு, கூட இருந்து பார்த்துக்கணும்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டு செவிலியிடம் போனாள்.

“இவர் டாக்ஸி ஓட்டறவர்மா. ஊசி போட்டுக்கிட்டு எப்ப வண்டியை எடுக்கலாம்?”

“இப்பவே தாராளமா எடுக்கலாம்மா. உள்ளே வந்ததுமே ஊசி வேண்டாம்னுட்டாரே! கடைசிவரை முழிச்சுக்கிட்டேதான் இருந்தார்.”