நடை சாத்திய காலை

மனைவிக்குக் குறைமாதத்தில் பிள்ளை பிறந்த மூன்றாம் நாளே கணேஸ்வரன் லோரி ஓட்ட வந்து நின்றான். ஈஜோக் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் செல்லன் அவனை மறித்தார்.

"பிள்ள பொறந்தா அப்பனுக்கு ஏழு நாள் லீவு இருக்குல்ல? ஏன்டா வந்த?"

"லீவு போட்டு இப்ப என்னண்ணே செய்யப் போறேன்?"

 செல்லன் ஒதுங்கிப் போய்த் தோட்டத்துக் கோயில் தலைவருக்குப் போன் போட்டார்.

"கணேஸ்வரன் வீட்டுல துக்கம். வழக்கம்போல நடையச் சாத்திடுங்க."

முதல் லோடை இறக்கிவிட்டுக் கணேஸ்வரன் திரும்பி வந்தான்.

"கோயில் சாத்தியிருக்கேண்ணே. லயத்து வீடுகள்ல யாரு தவறிட்டாங்க?"

"உன் பிள்ள..." என்று இழுத்தார் செல்லன்.

"என் பிள்ளையா? ஐசியூ கண்ணாடிப் பெட்டியில காலை உதைச்சுக்கிட்டுக் கெடக்கா. வெளிய வர மாசமாகுமாம். வீட்டுக்கு வந்தப்புறம் தூக்கி வச்சிருக்கணும்ல, அதான் லீவ மிச்சம் பிடிக்கிறேன்."

செல்லன் லோரிச் சாவிக்குக் கை நீட்டினார்.

"அந்த ஏழு நாள் அப்படியே இருக்கட்டும். பிள்ள ஐசியூல இருக்கிற வரைக்கும் தனியா லீவு வேணும்னு மேனேஜர்கிட்ட நான் பேசுறேன். குடுக்காம எங்க போவாரு? சாவியக் குடுத்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு."

மறுபடி போனை எடுத்தார்.

"தலைவரே, நடையத் திறங்க. அப்படியே கணேஸ்வரன் மகளுக்கு ஒரு அர்ச்சனை பண்ணச் சொல்லுங்க. பேரா? அவ வீட்டுக்கு வந்ததும் வைப்போம்லா."