லாரி வராத தெரு

“இன்னும் ஒரே ஒரு வாய் குடு சுந்தரி. நாக்கு ஒட்டிக்கினு கீது.”

“இருந்தா தர மாட்டேனா? லாரி இன்னிக்கும் வரலய்யா. இருக்கறத ராத்திரி வரைக்கும் ஓட்டணும்.”

குணசுந்தரி கணவனின் கையிலிருந்து டம்ளரை வாங்கிக்கொண்டு, பானையைத் தட்டுப் போட்டு மூடினாள்.

வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த காவியாவுக்கு அப்பாவின் கெஞ்சல் தெளிவாகக் கேட்டது. ஓசூரில் கம்பெனி வேலை. ஐந்து மாதத்துக்குப் பிறகு இப்போதுதான் லீவு கிடைத்து வந்திருக்கிறாள். கட்டிலில் சாய்ந்திருந்த தருமனைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினாள். ஏரியில் ஒற்றை ஆளாகப் படகு தள்ளுகிறவர், உதடு வெடித்து உட்கார்ந்திருந்தார்.

“இன்னா நைனா, இப்டி ஆயிட்ட?”

“வெயிலுமா. வேற ஒண்ணுமில்ல.”

பழவேற்காட்டு ஏரிக்கரையில் அந்தக் குப்பத்தில் எங்கே தோண்டினாலும் உப்புத் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் பஞ்சாயத்து லாரி வரவேண்டும். அந்தத் தண்ணீரில் அம்மா எவ்வளவு கெட்டி என்பது காவியாவுக்குத் தெரியும். அரிசி களைந்தது கனகாம்பரத்துக்கு, காய் கழுவியது கத்தரிக்கு, மீன் அலசியது முருங்கைக்கு என்று ஒரு சொட்டையும் வீணாக்க மாட்டாள். அப்படித்தான் அந்த உப்பு மணலில் ஒரு தோட்டத்தையே வளர்த்து வைத்திருந்தாள்.

காவியா பின்கதவைத் திறந்தாள். தோட்டம் இல்லை. குச்சிகள்தான் நின்றன.

“எல்லாம் காஞ்சுபோச்சேம்மா!”

“மனுஷனுக்கே இல்லையாம், செடிக்கு எங்க போறது?” குணசுந்தரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

காவியா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். பஸ் ஏறும்போது வாங்கியது, பாதிக்கு மேல் இருந்தது. “இந்தா நைனா, குடி.”

தருமன் கை நீட்டுவதற்குள் குணசுந்தரி பாய்ந்து வந்து அதைப் பிடுங்கினாள்.

“இன்னாம்மா பண்ற?”

“சாயங்காலத்துக்கு ஆவும். வை.”

நீட்டிய கையைத் தருமன் மெல்ல மடியில் வைத்துக்கொண்டார்.

“கட்டின புருஷனுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்க மாட்ற. நீயெல்லாம் ஒரு பொண்டாட்டியா?” என்று காவியா அம்மாவிடம் கத்தினாள்.

“அவள ஒண்ணும் சொல்லாத கண்ணு,” என்றார் தருமன். “லாரி வரலைனா அவ இன்னா பண்ணுவா?”

பஞ்சாயத்தில் போய் ஒரு கை பார்த்துவிடுவது என்று காவியா விருட்டென்று கிளம்பினாள். தெருமுனையில் கோமளா வீட்டைத் தாண்டும்போது கால்கள் நின்றன. வாசலில் வரிசையாகக் குடங்கள், விளிம்பு வரை தண்ணீர்.

“லாரி எப்பக்கா வந்துச்சு?”

“காலையிலதான். தெனம் வருதே.” சொன்ன பிறகுதான் கோமளா நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அதோ, அந்த ரெண்டு குடம் உங்க வூட்டுதுதான். லாரிய உங்க வூட்டுப் பக்கம் வரக்கூடாதுனு சொல்லி, இங்கயே நிறுத்திக்கறா உங்கம்மா. தெருவுல யாரும் உங்க நைனா காதுல போடக்கூடாதுனு கையெடுத்துக் கும்பிட்டு கேட்டுக்கினா.”

காவியா திரும்பினாள். குணசுந்தரி பின்னாலேயே ஓடி வந்திருந்தாள்.

“ஏம்மா?”

குணசுந்தரிக்கு மூச்சு வாங்கியது. “நைனாவுக்கு சளி, ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தோம்னு போன்ல சொன்னேன்ல? சளி இல்ல. இதயம் பாதிக்கு மேல வேலை செய்யலையாம். குடிக்கற தண்ணியெல்லாம் நுரையீரல்ல போய் நிக்குமாம். அளந்துதான் குடுக்கணும்னு டாக்டர் என்னைத் தனியா கூப்ட்டு சொன்னாரு. அப்டி குடுத்தாலும் ரொம்ப நாள் தாங்காதுன்னாரு.”

காவியா குடங்களுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இத எப்டி அவர்கிட்ட சொல்றது? இன்னிக்கே மனசு வுட்டுடுவாரு. தண்ணி இருந்தும் தரலைனா ஏன்னு கேப்பாரு. லாரி வரலைனா கேக்க மாட்டாரு.”

“தோட்டம்?”

“பின்கதவத் தொறந்தா கட்டில்ல இருந்தே தெரியுதே. அது பச்சையா இருந்தா நம்புவாரா? அதான் ஊத்தறத வுட்டுட்டேன்.” முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். “கனகாம்பரம்தான் கடைசி வரைக்கும் தாக்குப் புடிச்சிச்சு.”

மாலையில் அம்மா கடைக்குப் போயிருந்த நேரம், அப்பாவுக்கான அரை டம்ளர் தண்ணீரைக் காவியாதான் கொண்டுபோனாள். முகத்தை உப்புத் தண்ணீரில் இரண்டு முறை கழுவியிருந்தாள்.

“நாளைக்கு லாரி வந்துடுமாம் நைனா.”

தருமன் ஒவ்வொரு மிடறாக வாயில் வைத்திருந்து விழுங்கினார். காலி டம்ளரைக் கொடுக்கும்போது அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“உனக்கும் சொல்லிட்டாளா?”

காவியா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எங்கண்ணன் போவறப்ப நான்தான்மா பக்கத்துல இருந்தேன். அவருக்கும் இப்டித்தான் அளந்து குடுத்தோம். எனக்கு இன்னானு எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுமா நைனா, அம்மாகிட்ட அப்டி கெஞ்சிக் கெஞ்சிக் கேட்ட?”

“கேக்காம வுட்டா,” என்றார் தருமன், “எனக்குத் தெரிஞ்சுபோச்சுனு அவளுக்குத் தெரிஞ்சுடும்.”